கும்பிடப் போனவர்கள்

ஜூன் 9
மேல்மலையில் இன்று கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் வேலை, தொடக்கம். கவ்வாத்துச்சாமி கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கவ்வாத்துக் கத்திகளை அதன் காலடியில் கிடத்தித் தேங்காய் உடைத்தார்கள். அந்தச் சாமியைக் கேட்காமல் பெரியப்பா ஒரு வாதைக்கூட வெட்டமாட்டார். "மலை அவருடையது. நாம வேலை செய்ய வந்தவங்க" என்பார். கத்தி கையில் படாமல் காப்பதும் அவர்தானாம்.

இரவு அலெக்சாந்தரைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். கி.மு. 334இல் ஆசியாவில் கால் வைத்ததும் திராய்க்குப் போய் அதீனா தேவிக்குப் பலியிட்டிருக்கிறான். தன் கவசத்தைக் கோயிலில் வைத்துவிட்டு, அங்கிருந்த பழைய ஆயுதங்களை எடுத்துக்கொண்டானாம்.

ஜூன் 11
இன்றைய லெபனான் கரையிலுள்ள தீரு நகரத்துக் கதை மனதை விட்டுப் போகவில்லை. கடலுக்குள் தீவாக நின்ற ஊர். அதன் காவல் தெய்வம் மெல்கார்ட். கிரேக்கர்களுக்கு அவர்தான் ஹெராக்ளிஸ், அலெக்சாந்தருக்கோ குலமுன்னோர். உள்ளே வந்து பலியிட வேண்டும் என்று கேட்டான். ஊரார் மறுத்தார்கள். கரையிலுள்ள பழைய ஊரில் அவருக்குக் கோயில் இருக்கிறது, அங்கே கொடு என்றார்கள். கோயிலுக்குள் விட்டால் ஊரையே விட்ட மாதிரி என்பது அவர்களுக்குத் தெரியாதா? கடலைத் தூர்த்துப் பாதை போட்டு, ஏழு மாதம் முற்றுகையிட்டு, கி.மு. 332இல் ஊரைப் பிடித்தான். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மெல்கார்ட் கோயிலுக்குள் ஒதுங்கியவர்களை மட்டும் விட்டுவிட்டு, அதே சாமிக்குப் பலி கொடுத்தான். இதைப் பக்தி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 12
வேலை அதிகம். உரோமர்களைப் பற்றிக் கொஞ்சம்தான் வாசித்தேன். கி.மு. 396இல் வேயி நகரைத் தாக்கும் முன் உரோமத் தளபதி கமில்லஸ் எதிரியின் தெய்வமான ஜூனோவையே வேண்டுகிறான்: எங்களோடு வந்துவிடு, உரோமில் கோயில் கட்டித் தருகிறேன். ஊரின் காவலைக் கழற்றிவிட்டுத்தான் ஊரை அடிப்பது! கோயிலைக் கட்டியும் கொடுத்தான்.

ஜூன் 15
நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் கன்னொருவையில் போர்த்துக்கேயரைச் சந்திக்கப் போகும் வழியில், தொடன்வல தேவாலயம் என்னும் சாமி கோயிலில் நேர்த்தி வைத்தானாம். வென்றால் கிரீடமும் வாளும் சாமிக்கு. வென்றான், அப்படியே கொடுத்தான் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. போர்த்துக்கேயப் படை அன்று ஏறக்குறைய முழுதாக அழிந்தது வரலாறு. திராயிலும் ஒருவன் கவசத்தைக் கொடுத்தான், ஆனால் கையோடு எடுத்துக்கொண்டும் போனான். தலையிலிருந்ததையே கழற்றி வைத்த இராஜசிங்கனைத்தான் பெரியப்பாவின் கட்சியில் சேர்ப்பேன். அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்குத் தொடன்வலைக்குப் போய்வர வேண்டும்.