தனிய ஒருத்தியும் ஒரு சனிக்கிழமையும்

பயணக் கட்டுரை என்றால் விசா, விமானம், ஹோட்டல் அறை என்று தொடங்கவேண்டும் போல. என்னுடைய பயணத்துக்குக் கொழும்பு வெள்ளவத்தை ஸ்டேஷனில் கோட்டைக்கு ஒரு டிக்கெட் போதும். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும். மிச்சப்பேருக்குச் சனிக்கிழமை என்றால் பிள்ளைகளின் ரியூசன். "ஒருநாளைக்கு எல்லாரும் சேர்ந்து போவம்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதி எழுதியே வருடங்கள் போய்விட்டன. அதனால் தனியாகக் கிளம்பிப் பார்த்தேன். இப்போது யாராவது "நானும் வரட்டா?" என்று கேட்டால்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது.

கிழமை நாட்களில் நான் பார்க்கும் கொழும்பு வேறு. காலையில் 100 அல்லது 101 பஸ்ஸில் தொங்காத குறையாக ஏறி, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, பின்னேரம் வரை கணக்குப் புத்தகங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வருவது. உள்ளே ஒரு ஈர்க்கு நுழைய இடமிருக்காது. கொண்டக்டர் மட்டும் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பார். முன்னுக்குப் போக கண்ணாடிதான் பாக்கி.

அவர் காசு வாங்கும் விதம் தனி வித்தை. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகியிருப்பார். எந்த விரலுக்குள் எந்த நோட்டு என்பது அவருக்கு மட்டும் தெரியும். நூறு ரூபாவை நீட்டினால் டிக்கெட் வரும், மிச்சக்காசு வராது. "பிறகு தாறன்" என்று கையைக் காட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். இறங்கும் இடம் நெருங்க நெருங்க எனக்குப் பெரிய தர்மசங்கடம். கூப்பிட்டுக் கேட்டால் முழு பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும், கேட்காவிட்டால் காசு போச்சு. நான் கேட்கிற கட்சி. கேட்டு வாங்கிய காசில் ஒருநாளும் பணக்காரியாகவில்லை, ஆனாலும் கேட்பேன்.

அதைவிடப் பெரிய கரைச்சல் ஒன்றிருக்கிறது. இலங்கையில் பஸ்ஸிலோ ரயிலிலோ வாழ்நாளில் ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்கள் நூற்றுக்கு 90 பேர் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வு சொன்னது. பொலிஸிடம் போனவர்கள் நூற்றுக்கு 4 பேர். அந்தச் செய்தியை வாசித்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருத்திக்கும் ஆச்சரியமில்லை. மற்றப் பத்துப் பேரும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். என் கைப்பையின் வாரில் ஓர் ஊசி எப்போதும் குத்தியிருக்கும். அம்மா சொல்லித் தந்தது. அவருக்கு அம்மம்மா சொன்னதாம்.

சனிக்கிழமை ரயிலில் அந்த நெரிசல் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும்போது இடதுபக்க யன்னல் பிடிக்கவேண்டும், கடல் அந்தப் பக்கம். தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் கருங்கல் அடுக்கு மட்டும்தான். பம்பலப்பிட்டி தாண்டினால் சில நாட்களில் அலை அடித்து யன்னலுக்குள்ளும் துமிக்கும். காலையிலேயே பாறைகளில் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். இந்த உப்புக்காற்றில் என் அறையின் யன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, சைக்கிள் மணி எல்லாம் கறள் பிடித்துவிட்டன. அந்தக் கோபம் ஸ்டேஷன் வரைக்கும்தான். ரயிலில் இருந்தால் அதே காற்று நல்லாகத்தான் இருக்கிறது.

கோட்டையில் இறங்கி, வாசலில் நிற்கும் ஒல்கொட் சிலையைத் தாண்டி வீதியைக் கடந்தால் புறக்கோட்டை. எனக்கு இந்த இடத்தைப் பிடிப்பதற்குக் காரணம் சாமான் மலிவு என்பதல்ல. மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் வண்டில் தள்ளுகிறார்கள், கடைக்காரர் கத்துகிறார், சனம் முட்டி மோதிக்கொண்டு போகிறது. அதற்குள் ஒரு பெண் தனியாக வந்தாளா, கூட்டத்தோடு வந்தாளா என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. இந்த ஊரில் நான் கண்டது, தனியாக நடக்கிறவளை யாரும் ஒன்றும் கேட்பதில்லை, உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலின் முன்னால் எவ்வளவு நேரமும் அண்ணாந்துகொண்டு நிற்கலாம். சிவப்பும் வெள்ளையுமாகப் போட்ட அந்தச் செங்கல் கோடுகளை எண்ணத் தொடங்கினால் யாராவது முதுகில் இடிப்பார்கள், எண்ணிக்கை விட்டுப்போகும்.

செட்டியார் தெருவுக்குள் போனால் கதை கொஞ்சம் மாறும். இரண்டு கதிரேசன் கோவில்களும் அங்கேதான். ஆடிவேல் ரதம் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவதும் இந்தத் தெருவிலிருந்துதான். கோவிலில் கும்பிட்டுவிட்டு நகைக்கடைப் பக்கமாக நடந்தால், வாசலில் நிற்கும் பெடியன் என் கழுத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கோ அக்கா, தாலிக்கொடி புது டிசைன் வந்திருக்கு" என்கிறான். மூக்குத்தித் திருகாணி தொலைந்துவிட்டது என்று சொன்னேன். முகம் விழுந்துவிட்டது பாவம்.

மத்தியானச் சாப்பாடு அங்கேயே ஒரு சைவக்கடையில்.

"எத்தனை பேர்?"

"ஒராள்."

"மற்ற ஆக்கள் பிறகு வருகினமோ?"

"இல்லை, ஒராள்தான்."

அவர் யோசித்துவிட்டு, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார். தனியாகச் சாப்பிட வரும் பெண்ணுக்கு ஊரெல்லாம் இந்த மேசைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். யன்னலோரத்தில் நாலு பேருக்கான மேசையில் ஓர் ஐயா தனியாக இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. சாப்பாட்டைக் குறைசொல்ல முடியாது. கத்தரிக்காய்ப் பால்கறியும் பொன்னாங்காணி வறையும், மேலே பொரித்த மோர்மிளகாயும். சோறு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

138 பஸ்ஸில் ஏறிப் பொது நூலகத்தடியில் இறங்கினால் தேசிய நூதனசாலை கிட்ட. 1877இல் திறந்த வெள்ளை மாளிகை. கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வருவார்கள். நான் போவது ஒரு கல்லுக்காக. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் வெட்டியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. சீனப் பகுதியில் காணிக்கை புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. தெவிநுவரையில் இருந்த அவருடைய கோவிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்துவிட்டார்கள். கல்லோ காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்து 1911இல்தான் வெளியே வந்தது. வண்டில்கள் எல்லாம் அதன் முதுகில் ஏறிப் போயிருக்கும். தமிழ்ப் பக்கம் தேய்ந்துதான் போயிருக்கிறது. கண்ணைச் சுருக்கி, குனிந்து, ஓர் எழுத்து பிடிபட்டதும் அடுத்ததைத் தேடுவது எனக்குக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. ஒருநாள் காவலர் வந்து, "மிஸ் படிக்கிறதா, ஆய்வா?" என்று கேட்டார். சும்மா பார்க்கிறேன் என்றால் நம்பமாட்டார் என்று ஆய்வுதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைத் தொந்தரவு செய்வதில்லை.

இன்னொரு விஷயம், பெண்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இங்கே கழிப்பறை உண்டு. புறக்கோட்டையில் அந்த நினைப்பையே விட்டுவிடவேண்டும். என் பயணங்களின் வரைபடம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் போடப்படுகிறது. ஒரு நகரத்தில் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பாதுகாப்பு மட்டுமில்லை.

பக்கத்து விகாரமகாதேவிப் பூங்காவில் இருந்து வாசிக்கலாம் என்று புத்தகமும் கொண்டுபோயிருந்தேன். இடம் கிடைத்தால்தானே. மரத்துக்கு மரம், வாங்குக்கு வாங்கு குடை விரிந்திருக்கிறது. மழையுமில்லை வெயிலுமில்லை, குடைக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் வாங்கில் ஒரு மூலையையாவது விடலாம்.

பின்னேரம் காலிமுகத்திடல். ஓட்டோ ஒன்று பிடிக்க போனில் புக் பண்ணினேன். ஏற்றுக்கொண்டவர் கோல் எடுத்து, எங்கே போகவேண்டும், கார்டா காசா என்று விசாரித்துவிட்டு, "நீங்களே கேன்சல் பண்ணுங்க மிஸ்" என்றார். இரண்டாமவரும் அப்படியே. மூன்றாவது ஆள் வருவதற்குள் பாதித் தூரம் நடந்துவிட்டேன்.

திடலின் கடற்கரை நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். அங்கே நட்ட கல்லில், கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக இதைத் தனக்குப் பின் வருபவர்களிடம் பரிந்துரைப்பதாக எழுதிவைத்தார். வெள்ளைக்காரச் சீமாட்டிகளை நினைத்துத்தான் எழுதியிருப்பார். இருந்தாலும் எழுத்தில் இருக்கிறது. யாராவது "தனியாவா?" என்று கேட்டால் ஆளுநரின் அனுமதி இருக்கிறது என்று சொல்லலாம். 2022 மே 18ஆம் திகதி, ஜனாதிபதியைப் பதவி விலகச் சொன்ன போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே இங்கு முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தபோதும் தனியாகத்தான் வந்தேன். அன்று யாரும் அப்படிக் கேட்கவில்லை.

இறால் வடைக்காரரிடம் போனதும், "ஒண்டா ரெண்டா தங்கச்சி?" என்றார். "ரெண்டு." அவர் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். தட்டையான வடையின் மேல் ஓடும் தலையுமாகப் பதித்த இறால்கள், அதற்கு மேலே வெங்காயமும் மிளகாயும். மீசையோடு மொறுமொறுவென்று கடிக்கவேண்டும். சிலர் இறாலைக் கழற்றிவிட்டு வடையைத் தின்கிறார்கள், அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இரண்டையும் கடலைப் பார்த்துக்கொண்டு நானே முடித்தேன்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்கார அன்ரி கேற்றைப் பூட்டிவிடுவார். அறை தரும்போதே சொன்ன நிபந்தனை: ஆம்பிளை ஆக்கள் வரக்கூடாது, மீன் சமைக்கக்கூடாது, பொலிஸில் கொடுக்கும் பதிவுப் படிவத்துக்கு அடையாள அட்டைப் பிரதி உடனே வேண்டும். எனக்கு இந்த மூன்றும் எரிச்சல்தான். ஆனால் படிவ விஷயத்தில் அன்ரியோடு வாதாடுவதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே தடுத்தது. அப்போதும் இதே வீட்டில் இருந்தவர் அவர். வாடகைக்கு இருந்தவர்களின் பிரதிகள் எல்லாம் இன்னும் ஒரு பச்சை ஃபைலில் இருக்கின்றன.

அன்றைக்கு எட்டரைக்கே வந்துவிட்டேன். அன்ரி விறாந்தையில் இருந்தார்.

"ஆரோட போனனீ?"

"தனியத்தான் அன்ரி. காலிமுகத்திடலுக்கு."

திட்டு வரும் என்று நின்றேன்.

"நான் அங்க போய்க் கனகாலம். அடுத்த சனி என்னையும் கூட்டிக்கொண்டு போவன்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்ரிக்கு முழங்கால் வருத்தம், ரயில் படி ஏறமாட்டார். ஓட்டோதான் பிடிக்கவேண்டும். அவர் சைவம், இறால் வடைக்கும் வழியில்லை.