சாவியைக் கொடுக்கலாமா?

ஒன்பது வருடமாக, மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரல் லைப்ரரியைப் பராமரித்து வருகிறேன். ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதும் தேதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். ஆரம்பித்தவர் நானில்லை. நாலைந்து பேட்ச் (நிரலுக்கான திருத்தம்) அனுப்பியிருந்தேன். பழைய பொறுப்பாளர் "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி மெயில் போட்டு, மூல நிரல் இருக்கும் ரெப்போவை ஒப்படைத்துவிட்டார். இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

போன மாதம் நான் நின்ற அதே இடத்தில் வேறொருவர் வந்து நின்றார். மூன்று பேட்ச், மூன்றும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். பிப்ரவரி 29 அன்று மட்டும் தலைகாட்டும் பிழை ஒன்றை நான் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தேன். அதையும் தீர்த்திருந்தார். கடைசியில் பணிவாக ஒரு கேள்வி: "எனக்கும் கமிட் அனுமதி தர முடியுமா?" அதாவது, ரெப்போவில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை.

முன்பென்றால் உடனே சரி என்றிருப்பேன். இந்த முறை நாலு நாள் பதில் போடவில்லை. காரணம், எக்ஸ்இசட்.

கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளை ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் லாசே காலின். 2022-இல் முன்பின் தெரியாத சில பெயர்கள், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள் என்று அவரை நச்சரித்தன. மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஒழுங்காக பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தார். பொறுப்பு மெல்ல அவர் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், அடுத்தவர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வழிவிடும் பின்கதவு இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தினார்.

விஷயம் ஒளிந்திருந்த இடம்தான் சாமர்த்தியம். டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் ரெப்போவிலேயே கிடந்தது. அதை எழுப்பும் வரிகள் மட்டும் ரிலீஸ் டார்பாலில், அதாவது வெளியிடுவதற்காகக் கட்டும் கோப்புப் பொட்டலத்தில், இருந்தன. ரெப்போவை மட்டும் படித்தவர் கண்ணில் முழுக் கதையும் பட்டிருக்காது.

பொறுமை, ஒழுங்கு, பணிவு. நல்ல உதவியாளருக்கு உண்டான லட்சணம் எல்லாம் ஜியா டானிடமும் இருந்ததே! அடையாள அட்டை கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். நானே யாருக்கும் காட்டியதில்லை.

அப்புறம் இப்படிச் செய்தேன். கமிட் அனுமதி உண்டு, புதிய பதிப்பை வெளியிடும் ரிலீஸ் அனுமதி இப்போதைக்கு இல்லை. டார்பாலைக் கையால் கட்டுவதை நிறுத்திவிட்டு, ரெப்போவிலிருந்து ஒரு ஸ்கிரிப்டே (தானாக ஓடும் சின்ன நிரல்) கட்டும்படி மாற்றினேன். என் கமிட்டையும் இனி இன்னொருவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன்.

"நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்" என்று பதில் வந்தது. மறுநாள் என் ஸ்கிரிப்டில் ஒரு தவறு இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தவறுதான்.