வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன்

"அப்படியென்றால் நான் யாரிடம் சொல்வது, அம்மணி?" என்று அவர் கேட்டார்.

"என்னிடம் சொல்லுங்கள் அண்ணா" என்றேன்.

என் கையில் இருந்த அட்டையைச் சிறிது நேரம் பார்த்தார். "நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்" என்றார். பிறகு சுவரைப் பிடித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பேச்சு நடந்து ஒன்றரை வருடமாகிறது. நாள்பட்ட வலிக்கான என் சிகிச்சைக் குழுவிலிருந்து அவரைத் தனியே வரச் சொன்ன முடிவு சரிதான் என்று பல நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாட்களில் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

புதன்கிழமைக் குழுவில் எட்டுப் பேர். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட வலி என்கிறோம். இவர்களில் யாருக்கும் இரண்டு வருடத்துக்குக் குறைவில்லை. நான்கு பெண்களும் பனியன் கம்பெனி: ஓவர்லாக் டெய்லர் ஒருவர், கைமடி ஒருவர், செக்கிங் இருவர். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் இருவர், ஒரு லாரி ஓட்டுநர். எட்டாவது அவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு இருபது வருடம் வடக்கே போய், ஆழ்துளைக் கிணறு போட்டவர். யார் யாரோடு உட்கார்ந்தால் நல்லது என்று நான் யோசித்துக் குழு அமைக்கவில்லை. புதன்கிழமை அரை ஷிப்டு விட்டு வர முடிந்தவர்கள் புதன்கிழமைக் குழுவில் சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வாரமும் முதல் கால் மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவராகச் சொல்வது எங்கள் வழக்கம். அவர் முறை வந்தால் கால் மணி நேரமும் அவருக்கே போதாது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவது, புரண்டு படுக்கப் பயந்து விடியும்வரை மல்லாந்தே கிடப்பது, குழாய் தூக்கும்போது முதன்முதலாக இடுப்பில் ஏதோ விட்டுப்போன நாள், இரட்டைப் பிள்ளை பெற்ற அம்மாள் ஒருவரிடம் சுளுக்கு எடுக்கப் போனது, ஸ்கேன் எடுத்த இடத்தில் "எல்லாம் தேய்ந்துபோய்விட்டது" என்று சொன்னது. எல்லாவற்றையும் சொல்வார். சொல்லும்போது ஒருமுறை அழுதார்.

மூன்றாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். 'தேய்மானம்' என்ற சொல் குழுவில் பரவியிருந்தது. கைமடியில் இருக்கும் அம்மா ஸ்கேன் எடுத்ததே இல்லை. அவரும் "எனக்கும் தேய்மானம்தானுங்க" என்றார். போன வாரம் வலிக்குப் பத்தில் 4 மதிப்பெண் போட்ட விசைத்தறிக்காரர் அன்று 7 போட்டார். செக்கிங் பெண்களில் ஒருவர் குனிந்து நிமிரும் பயிற்சியில் பாதியிலேயே நின்றுவிட்டார். "அவருக்கு ஆன மாதிரி ஆகிவிட்டால்?" என்றார். வயது ஏற ஏற முதுகெலும்பில் தேய்மானம் தெரிவது சாதாரணம், வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது தெரியும் என்பதை முதல் வாரமே படம் வரைந்து விளக்கியிருந்தேன். என் படம் அவர் கண்ணீர் முன்னால் நிற்கவில்லை.

சியாட்டிலில் பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970களில் சொன்னதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வலியைக் காட்டும்போதெல்லாம் சுற்றியிருப்பவர்கள் கவனித்தால், காட்டுவது கூடும். அசைவைக் கவனித்துப் பாராட்டினால் அசைவு கூடும். என் வட்டத்தில் ஏழு பேர் வாரந்தோறும் அவருடைய வலியைக் கண்கொட்டாமல் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கும் கெடுதல், அவர்களுக்கும் கெடுதல் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை ஷிப்டு பார்க்கும் பெண் எனக்காக அரை ஷிப்டுக் கூலியை விட்டு வருகிறாள் என்றால், வந்ததைவிடப் பயந்துபோய்த் திரும்புவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஆகவே அவரை வெள்ளிக்கிழமை தனியாக வரச் சொன்னேன். "உங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும்" என்றேன். அது பொய்யில்லை. காரணம் அதுவல்ல என்பதும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். "அங்கே யார் யார் வருவார்கள்?" என்று கேட்டார். நாம் இருவர் மட்டும் என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

அன்று அந்தக் கேள்வியை என் முடிவுக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். பார், சொல்வதற்குத்தான் வருகிறார், அசைவதற்கு வரவில்லை என்று.

குழு தேறியது. எட்டாவது வாரம் ஏழு பேரில் ஆறு பேரின் மதிப்பெண் இறங்கியிருந்தது. லாரிக்காரர் இரண்டு கிலோமீட்டர் நடந்ததைச் சொன்னபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். 'தேய்மானம்' காணாமல் போயிருந்தது. அந்த மாதம் முழுவதும் நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாவது வாரம் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி. சரக்கு அனுப்பும் அவசரத்தில் எல்லோரும் இரவு வேலை பார்த்த நாட்கள். எட்டாவது வாரம் தீபாவளி முடிந்து கம்பெனிகள் மெதுவாக இயங்கத் தொடங்கிய நேரம். ஊருக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்த உடம்புகள். வலி குறைந்தது அவர் போனதாலா, ஓய்வாலா, வழக்கமாக ஐந்தாவது ஆறாவது வாரத்தில் பயிற்சி பலன் தருவதாலா? பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. ஆறு பேர் தேறினார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னேனே, அது ஆறு சான்றுகள்கூட அல்ல. ஒரே அறையில் ஒரே மனநிலையைப் பகிர்ந்துகொண்டவர்களின் மாற்றத்தைத் தனித்தனி நிகழ்வுகளாக எண்ணக்கூடாது என்பது குழுச் சிகிச்சை ஆய்வுகளில் பாலபாடம். ஒருவர் தேறினால் பக்கத்தில் இருப்பவரும் கொஞ்சம் தேறுவார், ஒருவர் சரிந்தால் மற்றவரும் சரிவார். இந்த ஒட்டுதலைக் காரணம் காட்டித்தான் அவரை வெளியே அனுப்பினேன். எண்ணும்போது மட்டும் அதை மறந்துவிட்டேன்.

தேறாத ஏழாவது ஆள், அந்த ஓவர்லாக் டெய்லர். முதல் வாரம் 6, கடைசி வாரம் 7. மூன்றாவது வாரம் 5 போட்டிருந்தார். குழு மோசமாக இருந்ததாக நான் முடிவு கட்டிய அந்த வாரத்தில் இறங்கியது அவர் ஒருவருக்குத்தான். மதிப்பெண் தாளில் அது இருந்தது. நான் கூட்டுத்தொகையைப் பார்த்தேன், வரியைப் பார்க்கவில்லை.

கடைசி நாள் எல்லோரும் போன பிறகு அவர் நின்றார். "அந்த அண்ணன் ஏன் மேடம் வருவதில்லை?" என்றார். தனியாக வருகிறார் என்று சொன்னேன். அது அப்போதே பொய்யாகியிருந்தது. இரண்டு வெள்ளிக்கிழமைகளோடு அவர் நின்றுவிட்டார். கைப்பேசியில் அழைத்தபோது மருமகன் எடுத்து, "மாமா ஊரில் இல்லைங்க" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் சொன்னார்: "வீட்டில் என்னை நடிக்கிறேன் என்று சொல்வார்கள் மேடம். நானே சில சமயம் அப்படித்தானோ என்று நினைப்பேன். அவ்வளவு பெரிய ஆள், ரிக் வண்டியில் இருந்தவர், ராத்திரி அழுகிறேன் என்று சொன்னபோது எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது."

ஆண்கள் நடுவே, ஆண் ஒருவர் அழுததுதான் அவருக்கு மருந்தாக இருந்திருக்கிறது. பெண்கள் மட்டும் இருந்த குழுவாக இருந்தால் அது கிடைத்திருக்காது. விசைத்தறிக்காரருக்கு அதே கண்ணீர் நஞ்சு. அவர் அதில் பத்து வருடம் கழித்துத் தன் நிலை எப்படியிருக்கும் என்பதைக் கண்டிருப்பார். ஒரே மனிதர், ஒரே வட்டம், ஒரே கால் மணி நேரம். அப்படியானால் குழுவை எப்படி அமைப்பது? ஒரே தொழில்காரர்களையா, ஒரே வயதினரையா, பெண்களைத் தனியாகவா? என்னிடம் கேட்கும் இளையவர்களிடம், "மிகத் துன்பப்படும் ஒருவரைக் குழுவில் ஒற்றையாக விடாதீர்கள், அவரைப் போல் இன்னொருவர் இருக்கட்டும்" என்று இப்போது சொல்கிறேன். சொல்லும்போதே, இரண்டு பேர் இருந்திருந்தால் அந்தக் குழு மூழ்கியிருக்குமோ என்றும் நினைக்கிறேன்.

கனடா உளவியலாளர் மைக்கேல் சல்லிவனும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் உருவாக்கிய கேள்வித்தாளைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். 13 கேள்விகள், மொத்தம் 52 மதிப்பெண். வலியைப் பற்றிய அச்ச நினைப்புகள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று அளப்பது. அந்த அண்ணன் அதில் மிக உயரத்தில் இருந்தார். அதைக் காட்டித்தான் என் முடிவை நியாயப்படுத்தினேன். அதே சல்லிவன் பிற்பாடு இன்னொரு விளக்கத்தையும் முன்வைத்தார்: இப்படி வலியைப் பெரிதாகச் சொல்வது சிலருக்கு மற்றவர்களை அருகே அழைக்கும் வழி, தனியாகத் தாங்காமல் பிறரோடு சேர்ந்து தாங்கும் முயற்சி. படித்திருந்தேன். தேர்விலும் எழுதியிருந்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்து ஒருவர் "யாரிடம் சொல்வது?" என்று கேட்டபோது அது நினைவுக்கு வரவில்லை.

இருந்தாலும், அந்தச் செக்கிங் பெண் இன்று பயமில்லாமல் குனிகிறார். அந்த அண்ணனை வைத்துக்கொண்டே அது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவருக்குப் பேச வேறு நேரம் ஒதுக்கி, அசைவுக்கு மட்டும் வட்டத்தில் வைத்திருக்கலாம். இன்று தோன்றுகிறது. அன்று தோன்றியிருந்தாலும், ஆறு பேர் முகத்தில் பயத்தைப் பார்த்துக்கொண்டு அதை முயன்றிருப்பேனா என்பது வேறு.

போன வாரம் அவருடைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் அவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. சொன்னதைச் செய்தார், போனார். இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு நேரே என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'வலி பற்றிய பேச்சு நன்கு குறைந்துள்ளது. முன்னேற்றம்.' அதை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியாமல் அட்டையைத் திரும்ப வைத்துவிட்டேன்.