ஏட்டில் 60 கட்டில், வார்டில் 74: மருத்துவமனைச் செயல்திறனை அளந்த விதம்

செட்டிநாட்டு அரசு மருத்துவமனைகளின் செயல்திறனை ஒப்பிட, சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978-இல் தந்த டி.இ.ஏ. (Data Envelopment Analysis) முறையைத்தான் எடுத்தோம். உள்ளீட்டுக்கு எவ்வளவு வெளியீடு கிடைக்கிறது என்று பார்த்து, சக மருத்துவமனைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் முறை இது; 1 என்றால் முழுத் திறன். கணக்கு எளிது. உள்ளே போடும் எண்கள்தான் படுத்தி எடுக்கும்.

படுக்கை, மருத்துவர், செவிலியர் என மூன்று உள்ளீடு; புறநோயாளி வருகை, உள்நோயாளி நாட்கள் என இரண்டு வெளியீடு. மொத்தம் ஐந்து என்றால் அதன் மும்மடங்காக 15 மருத்துவமனையாவது வேண்டும். குறைந்தால் பல மருத்துவமனைகள் ‘முழுத் திறன்’ என்று வந்து நிற்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று எண்ணினால் 15 எட்டாது. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டிலும் பரவியிருப்பதால் இரு மாவட்டத் தாலுகா மருத்துவமனைகளையும் சேர்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரியைத் தொடக் கூடாது; அங்கே வேலையே வேறு.

இனி எண்கள். ஏட்டில் 60 கட்டில், வார்டில் 74 கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 21,900 உள்நோயாளி நாள் என்றால் ஏட்டுப்படி கட்டில்கள் நிரம்பிய அளவு 100 சதவீதம். கட்டிலை எண்ணினால் 81. மருத்துவர் கணக்கு இதைவிட மோசம். மாற்றுப்பணியில் போனவர் பெயர் சம்பளப் பட்டியலில் இங்கேயே இருக்கும். எது சரியென்று தெரியாததால் ஒற்றை எண்ணுக்குப் பதில் இரு எல்லைகள் எடுத்தோம்: வருகைப் பதிவேட்டைக் கீழெல்லையாகவும் சம்பளப் பட்டியலை மேலெல்லையாகவும் வைத்தோம். ஓ.பி. சீட்டில் புதியவர், மறுவருகை பிரிக்காத இடங்களும் உண்டு. தைப்பூசப் பாதயாத்திரையில் கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டாலும் ஒரு வருகை, நெஞ்சுவலிக்கு ஈ.சி.ஜி. எடுத்தாலும் ஒரு வருகை!

எல்லைகள் கிடைத்ததும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்கை இரண்டு முறை ஓட்ட வேண்டும். சாதக ஓட்டத்தில் அதன் உள்ளீடு கீழெல்லை, வெளியீடு மேலெல்லை. மற்ற எல்லாருக்கும் நேர்மாறு. பாதக ஓட்டத்தில் இதைத் தலைகீழாக்க வேண்டும். எக்செல் சால்வரே போதும், அதில் சிம்ப்ளெக்ஸ் எல்.பி. (நேரியல் கணக்குகளுக்கான) முறையைத் தேர்ந்தால் சரி. பலர் எல்லாருக்கும் ஒரே எல்லையைப் போட்டு இரு முறை ஓட்டுகிறார்கள். அதில் இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான உண்மையான வீச்சு வெளிப்படாது.

பணியிடத்தையும் கட்டிலையும் அரசு தீர்மானிப்பதால் உள்ளீட்டை அப்படியே வைத்து வெளியீட்டை எவ்வளவு கூட்டலாம் என்று பார்க்கும் வெளியீட்டு நோக்கு மாதிரிதான் பொருந்தும். மருத்துவமனைகளின் அளவு வேறுபாடு பெரிதாக இருந்தால், அதைக் கணக்கில் எடுக்கும் 1984-இன் பி.சி.சி. வடிவம். ஒவ்வொரு உள்ளீடு, வெளியீட்டுக்கும் கணக்கு தரும் முக்கியத்துவமான எடைகளுக்குக் கீழ்வரம்பு வைக்காவிட்டால், ஒரு மருத்துவமனை தனக்குப் பாதகமான உள்ளீட்டுக்குச் சுழி எடை வாங்கிக்கொண்டு 1 காட்டிவிடும்.

பாதக ஓட்டத்திலும் 1 எடுத்தவை உறுதியாகத் திறனுள்ளவை. சாதகத்தில்கூட 1-ஐ எட்டாதவை உறுதியாகப் பின்தங்கியவை. நடுவில் நிற்பவற்றுக்குத் தரவரிசை போடுவது அநியாயம். அவற்றுக்கு ஒவ்வொரு எண்ணாக நடுமதிப்பில் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். எதை நிறுத்தும்போது வீச்சு அதிகம் சுருங்குகிறதோ, அந்தப் பதிவேட்டை முதலில் சரிபார்க்கலாம். எங்கள் கணிப்பில் அது பெரும்பாலும் மருத்துவர் எண்ணிக்கைதான்.