பழைய டாடா 1210: ஒரு பட்டறை நாட்குறிப்பு

2025 ஜனவரி 6, திங்கள்

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் டாடா 1210 இன்று காலை வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு நாமக்கல் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. அவருடைய தந்தையார் ஓட்டிய லாரி. இனிச் சரக்கு ஏற்றப்போவதில்லை, ஆனால் தன் பலத்தில் சாலையில் ஓட வேண்டும் என்பது மட்டுமே அவருடைய விருப்பம். டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் டாடா குழுமத்தின் லாரி நிறுவனமான டெல்கோ 1954இல் தொடங்கிய கூட்டு 1969இல் முடிந்து, முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்த இடத்துக்கு 'டி' (T) எழுத்து வந்த பிறகு வெளியான வண்டி இது. எழுத்து மாறியதே தவிர, உள்ளிருக்கும் வேலைப்பாட்டில் ஜெர்மானியக் கை இன்னும் தெரிகிறது.

இன்று முழுவதும் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், பார்ப்பதிலேயே கழிந்தது. சேஸ் கோணியிருந்தால் அதற்கு மேல் செய்கிற எந்தச் செலவுக்கும் பொருளில்லை என்பதால், இன்ஜினில் கைவைக்கும் முன் அதைத்தான் பார்ப்பேன். மூலைக்கு மூலை அளந்ததில் கோணல் இல்லை. பின்னர் குறுக்குச் சட்டங்களைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு பக்கத் தலையின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால், இறுகிய ரிவெட் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்த ரிவெட் மந்தமாக ஒலிப்பதோடு விரலுக்கடியில் நடுங்குவதும் தெரியும். அத்தகைய ரிவெட்டின் தலையைச் சுற்றி மெல்லிய செம்பொடி வளையம் ஒன்றும் படிந்திருக்கும். பின் ஸ்பிரிங் பிராக்கெட் அருகே இப்படிச் சில அகப்பட்டன.

அதைவிடக் கவலை தருவது, கீழ் விளிம்பில் என்றோ ஒருவர் குறுக்காகப் போட்டுவைத்த வெல்டிங். பாரம் ஏறும்போது அதிகம் இழுபடுவது கீழ் விளிம்புதான். அங்கே குறுக்கு வெல்டிங் போட்டால் அது முடிகிற இடத்திலிருந்து விரிசல் தொடங்கும். இங்கும் அதுவே நடந்திருக்கிறது. விரிசலின் நுனியில் துளையிட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, பழைய வெல்டிங் பற்றைச் சுத்தமாகச் செதுக்கி நிரப்பி, பக்கச் சுவரில் இருமுனையும் சரிவாக வெட்டிய தகடு ஒன்றைப் போல்ட்டால் இணைக்க முடிவு செய்தோம்.

ஜனவரி 11, சனி

இன்ஜினைப் பிரித்தாகிவிட்டது. இது 692: ஆறு சிலிண்டர், 92 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), ஏறத்தாழ 4.8 லிட்டர். இதைக் கழற்றி வைத்துவிட்டு 697 பொருத்தலாமே என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். 97 மி.மீ. போரும் 128 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட அது 5.7 லிட்டர் அளவுக்கு வரும்; மேட்டில் இழுவை கூடுதலாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சரக்கு ஏற்றாத வண்டிக்கு அந்த இழுவை எதற்கு என்பது என் கேள்வி. மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணையும் மாற்றியாக வேண்டும். 692 இருக்கட்டும் என்றே உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன்.

பிஸ்டன் ஓடும் உருளைகளான லைனர்களை அளந்ததில் தேய்மானம் மேல்முனையில்தான் அதிகம். மேல் ரிங் நின்று திரும்பும் அந்த இடத்தில் வெப்பம் கூடுதல், ஆயில் படலம் மெல்லியது. எந்த டீசல் இன்ஜினிலும் அங்கேதான் முதலில் தேயும். புது லைனரும் பிஸ்டனும் போட வேண்டும். கிராங்கை 0.25 மி.மீ. சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் போடலாம் என்று லேத் பட்டறையில் சொன்னார்கள்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வேலை இன்றுதான் தொடங்கியது. இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் மிக்கோ பம்ப் சோதனை பெஞ்சிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. வரிசையாக, சிலிண்டருக்கு ஒன்றாக, ஆறு எலிமெண்ட் கொண்ட இந்தப் பம்ப்பில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக 60 டிகிரி இருக்க வேண்டும்; ஆறும் ஒரே அளவு டீசலைத் தள்ள வேண்டும். இவை இரண்டும் பெஞ்சில் ஆகிற வேலை. இன்ஜினில் ஏற்றி டைமிங் வைப்பது, அதாவது டீசல் பாயும் கணத்தைச் சரிசெய்வது, நம்முடையது.

டைமிங் வைப்பதற்கு இன்றும் பழைய முறையையே பின்பற்றுகிறோம். முதல் எலிமெண்டின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, அங்கே வளைந்த சிறு குழாய் ஒன்றை மாட்டி, டீசலைத் திறந்துவிட்டு, பிளைவீலை இரும்புக் கம்பியால் இம்மி இம்மியாக நெம்ப வேண்டும். முதலில் குழாய் நுனியிலிருந்து டீசல் ஒழுகிக்கொண்டே இருக்கும். பிறகு நூலாக மெலியும். பிறகு சொட்டாக மாறும். சொட்டும் நிற்கப்போகிற அந்த இடத்தில் பிளைவீல் குறி முள்ளுக்கு நேரே வந்தால் டைமிங் சரி. வராவிட்டால் பம்ப்பைச் சற்றே திருப்பி மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். இளைஞர் ஒருவர் கைபேசி வெளிச்சத்தில் சொட்டைப் பார்க்க, நான் கம்பியைப் பிடித்திருந்தேன்.

பம்ப்பின் ரப்பர் சீல்களை எல்லாம் மாற்றச் சொல்லியிருந்தேன். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் கிடைப்பது 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) கந்தகம் மட்டுமே உள்ள டீசல். முந்தைய டீசலில் ஊறி உப்பிப் பழகிய பழைய சீல்கள் இதில் சுருங்கிக் கசிவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறோம்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்ஜின் ஓடுகிறது. வால்வு இடைவெளி இன்லெட்டுக்கு 0.20, எக்ஸாஸ்டுக்கு 0.30 மி.மீ.; ஆறிய இன்ஜினில், 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வைத்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இன்றைய பேச்சு முழுவதும் பிரேக்கைப் பற்றியது. காற்றின் உதவியோடு எண்ணெய் தள்ளும் அமைப்பு இது. ஆனால் எண்ணெய்க்கு ஒரே வழிதான். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் ஆறு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. உரிமையாளர், "அண்ணே, அப்பா காலத்துல இருந்த மாதிரியே இருக்கட்டுங்களே" என்றார். கேபின், கியர் கம்பி, மீட்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பிரேக்கில் மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்னும் பின்னும் தனித்தனி வழியாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர்தான் வைக்கப்போகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், உரிமையாளர் தரப்பில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு முன்னதாகவே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மைக் காற்றால் ஊதாமல் நனைத்தே துடைத்தோம்.

டயர் 9.00-20, டயரைப் பிடித்துவைக்கும் லாக் ரிங் வைத்த டிஸ்க். இரண்டு ரிங்கில் விளிம்பு துருவால் அரிக்கப்பட்டிருந்தது; இரண்டையும் கழித்துக் கட்டினோம். சரியாக உட்காராத ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது. எங்கள் பட்டறையில் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்றுதான் காற்று நிரப்புவோம். சாலையோரக் கடைகளில் ரிங்கின்மேல் கால் வைத்துக்கொண்டு காற்றடிப்பதை இன்றும் பார்க்க முடிகிறது; அதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கேபின் வேலையை ஆசாரி தொடங்கியிருக்கிறார். கம்பெனியிலிருந்து முகப்போடு மட்டும் வரும் சேஸில் மரச் சட்டம் அடித்துத் தகடு போர்த்துவது இங்கே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தின் தொழில். இந்த வண்டியின் தேக்குச் சட்டங்கள் மேலே இரும்பு போல இருக்கின்றன. கதவுத் தூணின் அடிப்பகுதி மட்டும் மழைநீர் தேங்கி உளுத்திருக்கிறது. முழுத் தூணையும் மாற்றாமல், நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சாய்வாக வெட்டிப் புதுத் தேக்கை ஒட்டி முடுக்கினார். தகட்டின் அடியில் நீர் வடியத் துளையும் விடச் சொன்னேன்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். டிரைவர்களுக்கு இது என்றோ கிடைத்திருக்க வேண்டிய வசதி. மரக் கேபின் கட்டும் கைகளுக்கு இனி எவ்வளவு வேலை இருக்கும் என்பது வேறு கவலை. பழைய வண்டிகளைக் காக்க 2021இல் வந்த விதியும் 50 ஆண்டு கடந்த இரு சக்கர வண்டிகளையும் கார்களையும்தான் சேர்த்துக்கொள்கிறது. லாரிக்கு அதில் இடமில்லை.

மார்ச் 5, புதன்

முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னும் அதன் புஷ்ஷும் புதிது. ரீமர் போட்டுச் சரிபார்த்தாயிற்று. உரிமையாளர் பவர் ஸ்டீயரிங் கேட்டார். வெறும் வண்டிக்குத் தேவையில்லை என்றேன், ஒப்புக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

மோகனூர் வரை ஓட்டிப் பார்த்தோம். திரும்பி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்ததில், பின் இடது ஹப் மட்டும் மற்றவற்றைவிடச் சூடு கூடுதலாக இருந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றியபோது ஷூ டிரம்மில் உரசுவது கேட்டது. ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்திருக்கிறது. நாளை அதை மாற்றிவிட்டு அதே சாலையில் மீண்டும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) தேதி கேட்க வேண்டும்.