காடு மல்லேஸ்வரர் சன்னிதியில்

பெங்களூரில் வேலை கிடைத்து வந்ததிலிருந்து சனி, ஞாயிறு என்றால் எனக்குக் கோயிலும் சாப்பாடும்தான். பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். அங்கே கல்லுமலை முருகனைக் கும்பிடாமல் எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்காது. அதனால் இந்த ஊரில் மனசு முதலில் தேடியதும் ஒரு சன்னிதியைத்தான். கூட வேலை பார்க்கும் கும்பகோணத்து அண்ணன் ஒருவர், "மொதல்ல மல்லேஸ்வரம் போயிட்டு வா தம்பி, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் பச்சை வழி மெட்ரோவில் ஏறி சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து கொஞ்சம் நடைதான். வழியில் பூ விற்கிற அக்கா, நான் வாய் திறந்ததுமே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். "எந்த ஊரு தம்பி?" "மலேசியாங்க அக்கா." "அவ்ளோ தூரத்துலேர்ந்தா!" என்று மல்லிகையோடு ஒரு கை வில்வத்தையும் அள்ளிப் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. "சிவனுக்குத்தானே, வெச்சுக்க."

காடு மல்லேஸ்வரர் என்ற பெயருக்கு ஏற்றபடி கோயில் இன்றைக்கும் மரங்களுக்குள்தான் இருக்கிறது. மரத்தடியில் வரிசையாக நாகக் கற்கள், எல்லாவற்றிலும் மஞ்சளும் குங்குமமும். உள்ளே மல்லிகார்ஜுனர் என்கிற மல்லேஸ்வரருக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பால் வழிந்து முடிந்து, தண்ணீர் விட்டு, விபூதி பூசி, தீபம் காட்டும்போது என் வில்வமும் அந்த லிங்கத்தின் மேல் இருந்தது. கைகூப்பி நின்றேனே தவிர, கேட்க நினைத்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் தலவரலாறு சொன்னார். இந்தக் கோயில் சுவாமிக்கு ஒரு கிராமத்தை மானியமாக விட்ட செய்தி 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. விட்டவர் ஏகோஜி, சிவாஜி மகாராஜாவின் தம்பி. அவர்களுடைய தந்தை ஷாஹாஜிக்கு பீஜப்பூர் சுல்தான் ஜாகீராக, அதாவது வரி வருமானத்தை அனுபவிக்கக் கொடுத்த ஊர் இந்தப் பெங்களூர். அதே ஏகோஜிதான் 1670களில் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கிவைத்தார். அந்த வம்சம் 1855 வரை தஞ்சையில் இருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பூட்டனார் தஞ்சாவூர்ப் பாபநாசம் பக்கத்துக்காரர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர். அவருடைய முன்னோரை ஆண்ட வம்சத்தின் முதல் ராஜா, தஞ்சைக்குப் போவதற்கு முன்பே மானியம் விட்ட சன்னிதியில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டவர் அவர், வந்தவன் நான்.

எதிரிலேயே நந்தி தீர்த்தம். மண் மூடிக் கிடந்த இந்த இடத்தை 1997இல்தான் தோண்டி வெளியே கொண்டுவந்தார்கள். தெற்கு பார்த்த நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் மெல்லிய கயிறாக இறங்கி, கீழே இருக்கும் லிங்கத்தின் உச்சியில் விழுகிறது. அங்கிருந்து வழிந்து கல்யாணி என்கிற கோயில் குளத்துக்குப் போகிறது. நான் வைத்த ஒரு இலையை அந்தத் தண்ணீர் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போனது, அங்கே ஒட்டிக்கொண்டது, பிறகு அடுத்த இலையோடு சேர்ந்து நழுவியது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். அபிஷேகம் செய்ய ஆளும் வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம் என்று சுவாமியே ஏற்பாடு செய்துகொண்ட இடம் அது. அதே தெருவில் கங்கம்மாவும் நரசிம்மரும் இருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

தரிசனம் முடிந்து பசியாற வீணா ஸ்டோர்ஸ். உட்கார இடம் எதிர்பார்க்க வேண்டாம், எல்லாரும் நடைபாதையில் நின்றேதான் சாப்பிடுகிறார்கள். இட்லி மேலேயே சட்னியை ஊற்றித் தருகிறார்கள். வெறும் வயிற்றோடு சாமி கும்பிட்டுவிட்டு வந்தவனுக்கு அந்த இட்லியும் காபியும் பிரசாதம்தான். மறுநாளைக்கு என்று வைத்திருந்த சி.டி.ஆர். ஹோட்டல் பெண்ணெ (வெண்ணெய்) மசாலா தோசையையும் அன்றைக்கே மதியம் முடித்தாயிற்று. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று, வெண்ணெய் வாசனையோடு. ஈப்போவில் எத்தனையோ தோசை சாப்பிட்டிருக்கிறேன், இது வேறு ஜாதி.

ஞாயிற்றுக்கிழமை தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயில். மதுரையில் சொக்கநாதர் சிவன், இங்கே பெருமாள். நான் போனது இங்குள்ள பழைய தமிழ்க் கல்வெட்டுகளுக்காகவும்தான். போசள ராஜா வீர ராமநாதன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டிலேயே, இந்த ஊர்ப் பெருமாளுக்குத் தமிழில் எழுதி மானியம் விட்டிருக்கிறார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். கொஞ்சம்தான் பிடிபட்டது. அதுவே போதுமாக இருந்தது. பட்டர் பெயர், நட்சத்திரம் கேட்டார். என் பெயரோடு பூட்டனார் பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன்.

ராத்திரி அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஏகோஜி கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார்கள். தீபாவளி விடுமுறைக்கு வருகிறார்களாம். முதலில் மல்லேஸ்வரர், அப்புறம் ரயிலில் தஞ்சாவூர், அங்கிருந்து பாபநாசம். டிக்கெட் போடும் வேலை என்னுடையது.