பத்தாயிரம் ரூபாய்க் கடனும் ஒரு பரிந்துரைக் கடிதமும்: திருச்சிக் கடைவீதி மீண்ட கதை

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி, என்.எஸ்.பி. சாலை, நந்திகோயில் தெரு, தெப்பக்குளக் கரை ஆகியவை உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பிப் பிழைக்கும் வீதிகள் அல்ல. புதுக்கோட்டையிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பேருந்தேறி, சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் இறங்கி, துணியும் பாத்திரமும் நகையும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் ஊர் திரும்புகிற குடும்பங்களால்தான் இவ்வீதிகளின் கல்லா நிறையும். 2020 மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியபோது எங்கள் கடைகளை இழுத்துப் பூட்டினோம். மே மாதத்தில் திறக்க அனுமதி கிடைத்தது. ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் வர இ-பாஸ் தேவைப்பட்டது, மாவட்டங்களுக்கு இடையிலான பேருந்துகள் செப்டம்பர் 7 அன்றுதான் தமிழகம் முழுவதும் மீண்டும் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட மாதங்களில் கடை திறந்திருந்தது என்பதற்கும் வியாபாரம் நடந்தது என்பதற்கும் தொடர்பே இல்லை.

நான் பெரிய கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி, ரோட்டரி ஆண்டு பிறக்கும் வழக்கமான நாளில், எங்கள் ரோட்டரி சங்கத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் இதே கடைவீதியைச் சேர்ந்தவர்கள்: ஜவுளி, மருந்து, மின்சாதனம், இரண்டு தணிக்கையாளர்கள், ஒரு பல் மருத்துவர். ஊரடங்கின் தொடக்கத்தில் எல்லாச் சங்கங்களும் செய்ததையே நாங்களும் செய்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், முகக்கவசம் ஆகியவற்றைப் பைகளில் போட்டுக் கொடுத்தோம், பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அது அப்போது தேவைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் பை வாங்க வந்த தரைக்கடைக்காரர்கள் கேட்ட கேள்வி வேறாக இருந்தது. "சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி இருக்கிறது ஐயா, சரக்குப் போட முதல்தான் இல்லை" என்றார் தெப்பக்குளத்தருகே வளையல், ரிப்பன் விற்கும் ஓர் அம்மா.

அவர்களுடைய முதல் எங்கே போயிற்று என்பது கடைவீதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். தரைக்கடைக்காரர்கள் பலரும் தண்டலில் பணம் எடுப்பவர்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பார்கள், நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாளில் பத்தாயிரத்தையும் கட்டி முடிக்க வேண்டும். தினமும் விற்றால் அந்தக் கணக்கு எப்படியோ ஓடிவிடும். விற்பனை நின்ற மாதங்களில் இருந்த சேமிப்பு தண்டல்காரருக்கும் வீட்டு வாடகைக்கும் போனது. வங்கியில் கடன் வாங்கியிருந்த எங்களுக்கு 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த தவணை ஒத்திவைப்பு இருந்தது, அது ஆகஸ்டு இறுதி வரை நீட்டிக்கவும் பட்டது. தண்டலுக்கு ஒத்திவைப்பு அறிவிப்பவர் யாரும் இல்லை.

மத்திய அரசு 2020 ஜூன் 1 அன்று பிஎம் ஸ்வநிதி திட்டத்தை அறிவித்தது. 2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ நகர்ப்புறத்தில் தெருவோர வியாபாரம் செய்துகொண்டிருந்தவருக்குப் பிணையில்லாமல் பத்தாயிரம் ரூபாய் வரை கடன், பன்னிரண்டு மாதத் தவணை, ஒழுங்காகக் கட்டுவோருக்கு ஏழு சதவீத வட்டி மானியம் என்பது அதன் சுருக்கம். தண்டலில் நூறு நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போகிற இடத்தில், இங்கே ஆண்டு முழுவதற்கும் சில நூறு ரூபாய்தான் வட்டி, அதிலும் பெரும்பகுதி மானியமாகத் திரும்பிவிடும். இதைச் சங்கத்தின் தொழில்சார் சேவைப் பணியாக எடுத்துக்கொண்டு, விண்ணப்பிப்பது முதல் பணம் கைக்கு வருவது வரை உடனிருந்து முடித்துக் கொடுக்கலாம் என்ற யோசனையை ஜூம் கூட்டத்தில் முன்வைத்தேன்.

அந்தக் கூட்டம் சுமுகமாக நடக்கவில்லை. என்.எஸ்.பி. சாலைக் கடைக்காரர்களுக்கும் தரைக்கடைக்காரர்களுக்கும் இடையிலான வழக்கு பல ஆண்டுப் பழையது. வாசலை மறிக்கிறார்கள், வாடகையும் வரியும் மின்கட்டணமும் நாங்கள் கட்ட, எங்கள் வாடிக்கையாளரை அவர்கள் பிடிக்கிறார்கள் என்பது கடைக்காரர் தரப்பு. "நாமே அவர்களுக்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் நாளைக்கு அந்த இடத்துக்குப் பட்டா கேட்பார்கள்" என்று ஜவுளிக்கடை உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அவர் அச்சத்தில் பாதி தவறு, பாதி சரி. கடனுக்காக மாநகராட்சி தரும் பரிந்துரைக் கடிதம் எந்த இடத்துக்கும் உரிமை தருவதில்லை, இன்னார் தெருவோர வியாபாரி என்று மட்டுமே அது சொல்கிறது. ஆனால் 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று சொல்வது உண்மை. அதை மறைத்துச் சம்மதம் வாங்க எனக்கு விருப்பமில்லை, எனவே இரண்டையும் சொன்னேன்.

விவாதத்தைத் திருப்பியவர் எங்கள் மூத்த உறுப்பினரான தணிக்கையாளர். ரோட்டரி தோன்றிய சிகாகோவில், 1907இல், அச்சங்கம் முதன்முதலாகக் கையிலெடுத்த பொதுப்பணி நகரின் மையத்தில் பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்பது. அதை எதிர்த்தவர்களும் வியாபாரிகளே, கழிப்பறை தேடி வருகிறவர்கள் தங்கள் கடைக்குள் வருவது நின்றுவிடுமே என்ற கவலையில். அதை நினைவூட்டிவிட்டு, நாம் வாராவாரம் ஒப்பிக்கிற நால்வழிச் சோதனை என்ற நான்கு கேள்விகளே பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1932இல், திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திர நிறுவனத்தை மீட்க ஹெர்பர்ட் டெய்லர் எழுதியதுதான் என்றார். பாத்திரக் கடைக்காரனான எனக்கே அது அதுவரை தெரியாது. தொடர்புடைய அனைவருக்கும் இது நியாயமானதா என்பது அதில் இரண்டாவது கேள்வி. தரைக்கடைகள் இல்லாத தீபாவளிக் கடைவீதிக்குக் கூட்டம் வருமா என்று அவர் கேட்டபோது, ஜவுளிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். பூவும் பொட்டும் ஐம்பது ரூபாய்ப் பொம்மையும் வாங்க வருகிறவர்களே பட்டும் வாங்குகிறார்கள் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. யோசனை நிறைவேறியது.

என் கடையை ஒட்டிய கிடங்கின் முன்பகுதியைக் காலிசெய்து, ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி, இரண்டு மேசைகள் போட்டோம். கல்லூரிகள் மூடியிருந்ததால் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் தட்டச்சுக்கு வந்தார்கள். விண்ணப்பம் நிரப்புவது கடினம் என்று நினைத்திருந்தோம். கடினமாக இருந்தது விண்ணப்பத்துக்கு முந்திய படி. ஆதாருடன் இணைந்த கைபேசி எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் விண்ணப்பம் திறக்கும். வந்தவர்களில் பலருக்கு ஆதார் எடுத்தபோது கொடுத்த எண் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது, அல்லது எண்ணே கொடுக்கப்படவில்லை, அல்லது கட்டிக்கொடுத்துப் போன மகளின் எண் இருந்தது. அதை மாற்ற அப்போது ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல்ரேகை வைக்க வேண்டியிருந்தது. தொற்றுக் காலத்தில் மையங்களில் நாளொன்றுக்குச் சிலருக்கே டோக்கன். பூக்கட்டியும் பூண்டு உரித்தும் தேய்ந்த விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதிவதும் எளிதல்ல. கையைக் கழுவித் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார்கள், பதியாவிட்டால் கண் கருவிழி. ஆகவே எங்கள் பணியின் முதல் வாரங்கள் கடனைப் பற்றியவையே அல்ல. ஆதார் மையத்துக்கு யார், எந்த நாளில் போவது என்று வரிசைப்படுத்துவதும், வியாபாரத்தை விட்டுப் போகிறவரின் கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதுமாகவே அவை கழிந்தன.

அடுத்தது அடையாளம். மாநகராட்சி முன்பு நடத்திய கணக்கெடுப்பில் இடம்பெற்று அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. அட்டை இல்லாதவர்களும் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும் பரிந்துரைக் கடிதம் கேட்டு இணையத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், உள்ளாட்சி பதினைந்து நாளில் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, ஊரடங்கு நிவாரணம் வரவான வங்கிக் கணக்குப் புத்தகம் போன்றவற்றை ஆதாரமாகக் காட்டலாம். இவை எதுவும் இல்லாதவர் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் உள்ளூர் விசாரணை நடத்தி முடிவெடுக்கவும் வழி உண்டு. எங்களிடம் வந்தவர்களில் மிகுதியானோர் இந்தக் கடைசி வகையினர்.

உள்ளூர் விசாரணை என்றால் அக்கம்பக்கத்தில் கேட்பது. தரைக்கடைக்கு அக்கம்பக்கம் யார்? பின்னால் இருக்கும் நிலையான கடைதான். விசாரணைக்கு வந்த பணியாளரிடம், "இந்த அம்மா என் கடை வாசலில் எத்தனையோ தீபாவளியாகப் பூ விற்கிறார்" என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டியவர்கள், அவர்களை எழுப்பச் சொல்லி மனுக்கொடுத்து வந்த அதே கடைக்காரர்களே. சிலர் மறுத்தார்கள், நாங்களும் வற்புறுத்தவில்லை. கையெழுத்திட்டவர்கள் பலர். கூட்டத்தில் எதிர்த்த ஜவுளிக்கடை உறுப்பினர், தம் வாசலில் கைக்குட்டையும் காலுறையும் விற்பவருக்கு மட்டும் கையெழுத்திடுவதாக நிபந்தனை போட்டார். அடுத்தவர் வாசலுக்கும் பிறகு அவரே சாட்சியானார். அவரிடம் நான் காரணம் கேட்கவில்லை.

கடிதம் கிடைத்தபின் விண்ணப்பம் வங்கிக் கிளைக்குப் போகும். இந்தக் கட்டத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டியிருந்தது. கடன் திரும்பாவிட்டால் இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்ய அரசின் கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது, ஆகவே பிணையும் சாட்சிக்காரரும் தேவையில்லை என்று திட்டம் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் ஒரு கிளையில் அரசு ஊழியர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்டார்கள். இன்னொரு கிளையில், பழைய குழுக்கடன் நிலுவையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னார்கள். சண்டை போடுவதால் பயனில்லை என்பதை எங்கள் தணிக்கையாளர்கள் அறிந்திருந்தார்கள். திட்ட வழிகாட்டுதலின் உரிய பக்கத்தை அச்செடுத்து, அதன் மேல் ஒரு வரிக் கடிதம் வைத்து, வியாபாரியுடன் ஓர் உறுப்பினர் நேரில் போவது என்று வைத்துக்கொண்டோம். அந்தக் கிளையில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர் உடன் வந்தால் மேலாளர் உட்காரச் சொல்லிப் பேசுவார். இது நியாயமான நடைமுறையா என்றால் இல்லை, தனியே வந்த வியாபாரிக்கும் அதே நாற்காலி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் சங்கத்தால் செலவில்லாமல் கொடுக்க முடிந்த மிகப் பயனுள்ள பொருள் அந்த உடனிருப்புதான்.

முடங்கிப்போன ஜன்தன் கணக்குகளை உயிர்ப்பிப்பது, பெயரில் ஓரெழுத்து மாறியிருந்ததைத் திருத்துவது போன்றவை இடையிடையே வந்து போயின.

பணம் கைக்கு வந்தவர்களுக்கு க்யூஆர் அட்டை வைத்துக் கொடுப்பதும் திட்டத்தின் பகுதி. கைபேசிவழி விற்பனை மாதத்தில் ஐம்பதைத் தொட்டால் ஐம்பது ரூபாய், நூறானால் மேலும் இருபத்தைந்து, இருநூறானால் இன்னும் இருபத்தைந்து என அப்போது கணக்கில் வரவு வைத்தார்கள். ஒவ்வொரு விற்பனையும் குறைந்தது இருபத்தைந்து ரூபாயாக இருக்க வேண்டியிருந்தது. இதில் எனக்கு ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. தொற்றுப் பயத்தில் நோட்டைத் தொடத் தயங்கிய வாடிக்கையாளர்களே இதை ஓடவைத்தார்கள். வியாபாரிகளின் தயக்கம் வேறு வகையானது: பணம் கணக்குக்குப் போய்விட்டால் மாலையில் தண்டலுக்கு எதைக் கொடுப்பது? புதிய கடனைப் பழைய தண்டலை அடைக்கப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். திட்டத்தின் நோக்கம் சரக்குக் கொள்முதல்தான் என்றாலும், அப்படிச் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், தினசரி நூறு ரூபாய் மிச்சமானதே அவர்களுக்கு அடுத்த சரக்கின் முதலாயிற்று.

நிலையான கடைகளின் மீட்சி தனிக் கதை, அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வங்கியில் ஏற்கெனவே தொழிற்கடன் வைத்திருந்தவர்களுக்கு, 2020 பிப்ரவரி 29 நிலுவையில் இருபது சதவீதம் வரை அவசரக் கடன் கிடைத்தது. வங்கிப் பக்கமே போகாமல் கைமாற்றில் நடத்திய சிறு கடைகளுக்கு அதில் எதுவும் இல்லை. சில்லறை வணிகர்கள் உதயம் எனப்படும் அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ள 2021 ஜூலையில்தான் வழி திறந்தது. பதிவு இலவசம் என்பது தெரியாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுத்தவர்கள் ஏராளம் என்பதால், அந்த ஆண்டும் அதே கிடங்கு முன்பகுதியில் மேசையைத் தொடர்ந்தோம்.

2020 நவம்பர் 14 தீபாவளி. அதற்கு முந்திய இரண்டு வாரங்களில் பேருந்துகள் நிறைந்து வந்தன. முன்னாண்டுக் கூட்டத்தில் பாதி என்று சிலரும், அதற்கும் மேல் என்று சிலரும் சொன்னார்கள், யாரும் எண்ணவில்லை. வளையல் விற்கும் அம்மா தம் கடனில் பாதிக்குச் சரக்குப் போட்டுவிட்டு மீதியைக் கணக்கிலேயே வைத்திருந்தார். தவணை தவறக் கூடாது என்பது அவருடைய கணக்கு. ஆண்டு முடிவில் அதைக் கட்டி முடித்ததும், இருபதாயிரம் ரூபாய் இரண்டாம் கடனுக்கு எங்கள் உதவி இல்லாமலே விண்ணப்பித்தார்.

இப்போது அத்திட்டம் 2030 மார்ச் இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முதல் கடன் பதினைந்தாயிரமாகவும் இரண்டாவது இருபத்தைந்தாயிரமாகவும் உயர்ந்துள்ளன, மூன்றாவது ஐம்பதாயிரமாகவே இருக்கிறது. இப்பணியை எடுக்க நினைக்கும் சங்கத்தார் என்னிடம் கேட்டால், மேசையும் கணினியும் வாங்குவதற்கு முன்பே ஆதாரில் கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று வியாபாரிகளிடம் வீதி வீதியாகக் கேட்டு ஒரு பட்டியல் எடுத்துவிடுங்கள் என்பேன். வங்கிக்குப் போகும்போது வழிகாட்டுதலின் அச்சுப்படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குச் சாட்சி சொல்லக் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பதாகை கடைசியாக இருக்கட்டும். எங்களுடையது கிடங்கில்தான் கிடந்தது.